சோடாவில் சுட்ட பீர் பிரெட்

ஜனவரி 8

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். உன் அத்தானுடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரைகளை வேளைக்குப் போடுகிறாயா? போனில் கேட்டால் "நல்லாருக்கேன்க்கா" என்று ஒரே மூச்சில் சொல்லித் தப்பித்துவிடுகிறாய். அதனால்தான் இனிமேல் எழுது என்கிறேன். வாயால் பொய் சொல்வதில் நீ கெட்டிக்காரன். சின்ன வயதில் உன் பொய்யை நம்பி நான் அம்மாவிடம் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. எழுத்தில் உனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

இதோடு ஒரு பார்சல் வரும். பிரித்ததும் திடுக்கிடாதே. உள்ளே ஆறு பாக்கெட் மாவுக் கலவை. பெயர் பீர் பிரெட். "அக்காவுக்குப் பைத்தியமா? குடியை விட்டு ஏழு மாசம் ஆனவனுக்கு அனுப்புற பொருளா இது?" என்று நீ கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பிப் பார். கடைசி வரியில், எறும்பு ஊர்ந்தது போல, "பீருக்குப் பதிலாக அதே அளவு சோடாவும் சேர்க்கலாம்" என்று போட்டிருக்கிறான். மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பொடி எழுத்தைப் படிப்பதுதானே என் பிழைப்பு.

ஈஸ்ட் வேண்டாம், பிசைய வேண்டாம், மணிக்கணக்கில் ஊற வேண்டாம். மாவைக் கிண்ணத்தில் கொட்டு. முந்நூற்றைம்பது மில்லி சோடா ஊற்று. கரண்டியால் பத்துச் சுற்றுச் சுற்று, கட்டி இருந்தால் இருக்கட்டும். டின்னில் ஊற்றி, மேலே வெண்ணெயை உருக்கி விட்டு, நூற்றெண்பது டிகிரியில் ஐம்பது நிமிடம் வை. பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு எவரோ திரும்ப வாங்காமலே போன ஓவன் உன் வீட்டில் சும்மாதானே இருக்கிறது?

மூன்று கம்பெனி: சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒவ்வொன்றிலும் உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. ஒரே ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே சுடு, நான் இங்கே சுடுகிறேன். மதிப்பெண் போட்டு எழுதிக்கொள்வோம். உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைதான் உன் எதிரி. அன்றைக்கு உன் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். உன் பெண்டாட்டி டீச்சரம்மா கேட்டது ஒரு வருடம், ஒரு சொட்டுகூடப் படாத ஒரு வருடம். ஏழு மாதம் போய்விட்டது, ஐந்துதான் பாக்கி. ஜூன் பத்து ஆகட்டும். அவளும் உன் மகள் வாண்டுவும் உன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

வாண்டுவுக்கு என் முத்தம் கொடு.

இப்படிக்கு,
உன் அக்கா

❖

ஜனவரி 21

அன்பு அக்காவுக்கு,

சின்னவன் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரை போடுகிறேன். தூக்கம் பாதி வருகிறது, மீதி பாதி வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. அத்தான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அந்த முழங்காலுக்கு நான் நிறைய கடன்பட்டவன், எத்தனை முறை என்னைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறது.

சிவப்புப் பாக்கெட்டைச் சுட்டேன். பட்டறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ரொம்ப நாளாக ஒரு கல் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. ஒருவேளை ஓவனில் கோளாறு இருக்கலாம். மேலே சூடு போதவில்லை.

அன்றைக்கு வாண்டு வரும் ஞாயிறு. டீச்சரம்மா வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல், "நாலு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். நடுங்குகிறதா என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கம். நடுங்கவில்லை அக்கா. வேண்டுமென்றே இரண்டு கையையும் முன்னால் நீட்டி வாண்டுவின் பையை வாங்கினேன்.

வாண்டு ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அப்பா, இது வெந்திருச்சா, இல்ல இன்னும் மாவா?" என்று கேட்டாள். வெந்தது என்றேன். முகத்தைச் சுளிக்காமல் மென்றாள். கொஞ்ச நேரத்தில் தட்டைக் காட்டி, "சாப்ட்டேன்ப்பா, நல்லாருந்துச்சு" என்றாள். நாலு மணிக்கு அவள் கிளம்பும்போது கவுன் பாக்கெட் புடைத்துக்கொண்டிருந்தது. ஏழு வயதில் என் மனது நோகக்கூடாது என்று ஒளித்து வைக்கிறாள். ஒரு பிரெட்கூட ஒழுங்காகச் சுட்டுக் கொடுக்கத் துப்பில்லாதவன்.

உன் மதிப்பெண்ணை எழுது. நான் எனக்கு இரண்டு போட்டுக்கொண்டேன், அதுவும் இரக்கப்பட்டு.

உன் தம்பி,
சின்னவன்

❖

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் பார்த்து, முதல் பாதிக்குச் சிரித்தேன், பின் பாதிக்கு அழுதேன். உன் அத்தான் "ஒண்ணு சிரி, இல்லேன்னா அழு, ரெண்டையும் சேர்த்துச் செய்யாதே" என்கிறார். அவர் நலம். ஒத்தடம் நடக்கிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓவனைக் குறை சொல்லாதே. குற்றம் சோடாவில். நானும் சிவப்பையும் பச்சையையும் சோடாவில் சுட்டுப் பார்த்தேன். என் நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வெளுத்த மேல் ஓடு. சுண்ணாம்பைக் கடித்தது போல ஒரு ருசி. நடுவில் ஈரம். பத்துக்கு மூன்று." பச்சையில் காய்ந்த இலையும் பூண்டும் கலந்திருப்பதால் மூன்றரை. உன் கல்லுக்கும் என் கல்லுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். உன் அத்தானை விட்டு ஒரு பாட்டில் பீர் வாங்கிவரச் சொல்லி, மிச்சமிருந்த சிவப்புப் பாக்கெட்டை அதில் கலந்து சுட்டேன். அடேயப்பா! ஒரே மாவு, ஒரே ஓவன், ஆனால் அது வேறு ஜாதி. வெண்ணெய் குடித்த பழுப்பு ஓடு, விரலால் தட்டினால் மரப்பெட்டி மாதிரிச் சத்தம். உள்ளே மெத்துமெத்தென்று இருக்கிறது. விழுங்கின பிறகு அடிநாக்கில் ஒரு சின்னக் கசப்பு வந்து நிற்கிறது, அதுதான் அதன் அழகே. கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீ சோடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிரு. நீச்சலிலிருந்து கணக்குப் பாடம் வரை எந்தப் போட்டியில் நீ அக்காவை ஜெயித்தாய், இதில் ஜெயிக்க? எனக்கு ஒன்பது, உனக்கு இரண்டு. கோபித்துக்கொள்ளாதே, சும்மா சீண்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை உடனே போடு.

உன் அக்கா

❖

மார்ச் 1

அன்பு அக்காவுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை குவிந்துவிட்டது. ஒரே வாரத்தில் நாலு ஃப்ரிட்ஜ், இரண்டு வாஷிங் மெஷின். நான் சுகமாக இருக்கிறேன். அத்தான் முழங்கால் சமாதானத்துக்கு வந்துவிட்டதா?

அக்கா, இப்போது மதிப்பெண் பட்டியலைக் கையில் எடு. இரண்டாவது சிவப்புப் பாக்கெட் ஞாயிற்றுக்கிழமை ஓவனை விட்டு வெளியே வந்தபோது பார்த்திருக்க வேண்டும். ஓடு நல்ல பழுப்பு. தட்டினேன், பெட்டி மாதிரிச் சத்தம். உள்ளே பஞ்சு. விழுங்கினால் அடிநாக்கில் நீ சொன்ன அந்தக் கசப்பு, சரியாக அதே இடத்தில் வந்து உட்காருகிறது. ஓவனின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மாற்றிவிட்டேன், அதுதான் விஷயம். மெக்கானிக் வீட்டு ஓவனா கொக்கா!

வாண்டு மூன்று துண்டு சாப்பிட்டாள். மூன்று! "பொய் சொல்லாதப்பா, இது கடையில வாங்குனதுதானே?" என்றாள். டின்னைக் காட்டினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா பேக்கரிக்காரர்" என்று கத்தினாள். மிச்சத்தைத் துணியில் சுற்றி அவள் அம்மாவுக்கு என்று எடுத்துப் போனாள். வாசலில் டீச்சரம்மா அதை வாங்கிக்கொண்டாள் அக்கா. "நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டாள். ஒன்பது மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

எட்டுக்குக் குறைத்து மதிப்பெண் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உன் தம்பி,
சின்னவன்

❖

மார்ச் 9

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நானும் குழந்தையும் நலம். அவள் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். உங்கள் வீட்டு மூளை.

அவர் உங்களுக்குக் கடிதம் எழுதுவதாகக் குழந்தை சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். போன மாதக் கடைசி ஞாயிறு அவரைப் பார்த்தேன். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. துணியில் சுற்றிய பிரெட் இன்னும் சூடாக இருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அண்ணி, இதே முகத்தை நம்பி மூன்று முறை திரும்பிப் போயிருக்கிறேன். மூன்றாவது முறை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பள்ளி விட்டு எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, மழையில், கேட்டைப் பிடித்துக்கொண்டு குழந்தை இரண்டு மணி நேரம் நின்றாள். அப்பா வருவார் என்று சொல்லி வாட்ச்மேனோடு போக மறுத்துவிட்டாள். அவர் வீட்டில் விழுந்து கிடந்தார்.

அவரிடம் திரும்புவதென்றால் மே கடைசிக்குள் நான் பள்ளி மாற்றலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். என் கண்ணை நான் நம்பவில்லை, அது அவர் பக்கம் சாய்கிற கண். நீங்கள் அவரைத் தூக்கி வளர்த்தவர். அவர் பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். வரலாம், அல்லது வேண்டாம். காரணம் கேட்க மாட்டேன். நீங்கள் சொல்வதுதான் முடிவு.

தங்கள் அன்புள்ள,
டீச்சரம்மா
(நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு இதுவே என் பெயராகிவிட்டது.)

❖

மார்ச் 15

சின்னவனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று வழக்கம்போலக் கேட்க வரவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில்கூட மறைத்துவிடலாம் போலிருக்கிறது. பிரெட்டில் மறைக்க முடியாது. தெர்மோஸ்டாட்டை நீ எத்தனை திருகு திருகினாலும் சோடாவிலிருந்து கசப்பு வராது. நான் இரண்டையும் சுட்டுப் பார்த்தவள். நீ எழுதிய ருசி எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பிரெட்டில் ஊற்றியது வெந்து போய்விட்டது, அதைப் பற்றிக் கேட்கவில்லை. மருந்து அளப்பவள் கேட்கிறேன். கலவைக்கு முந்நூற்றைம்பது மில்லி. பாட்டில் அறுநூற்றைம்பது மில்லி. மிச்சம் முந்நூறு மில்லி எங்கே போனது?

உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அதைவிட என்னை அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. எனக்கு ஒன்பது, உனக்கு இரண்டு என்று எழுதியது எந்தப் புத்தி? பல் இல்லாதவன் முன்னால் முறுக்கு கடித்துக் காட்டியிருக்கிறேன். உனக்கு வேலை கொடுக்கிறேன் பேர்வழி என்று வினையைப் பார்சல் கட்டி, என் கையாலேயே விலாசமும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

டீச்சரம்மாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நீ திருந்திவிட்டாயா என்று என் வாயால் சொல்லச் சொல்கிறாள். மே கடைசிக்குள் சொல்ல வேண்டும். நான் என்ன எழுதட்டும்? நீயே சொல்.

அக்கா

❖

ஏப்ரல் 9

அன்பு அக்காவுக்கு,

இருபது நாளாக உன் கடிதத்தைக் கருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

குடித்தேன். முந்நூறு மில்லியும்.

பிரெட்டுக்காகத்தான் வாங்கினேன். இதை நீ நம்ப வேண்டும். வாண்டு மறுபடி கவுன் பாக்கெட்டில் ஒளித்து வைக்கக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். நீ கொடுத்த அளவுக் குவளையில் அளந்து ஊற்றினேன். மிச்சத்தைக் கொட்டிவிடத்தான் நினைத்தேன். தொட்டியில் பாத்திரம் கிடந்தது, கழுவிவிட்டு ஊற்றலாம் என்று ஜன்னல்மேல் வைத்தேன். அந்தப் பாட்டிலின் மூடியைத் திறந்தால் திறந்ததுதான், திரும்பப் போட முடியாது அக்கா. வீடு முழுக்க அந்த வாசம். ஓவனுக்கு ஐம்பது நிமிடம் ஆகும், நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருபதாவது நிமிடம் எழுந்தேன். ஊற்றத்தான் எடுத்தேன். அப்புறம் டின்னை வெளியே எடுத்தபோது பாட்டில் காலியாக இருந்தது. பல் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் நின்றேன். கை நடுங்கவில்லை. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சமும் நடுங்கவில்லை, அதைப் பார்த்துத்தான் டீச்சரம்மா என்னிடம் பேசினாள்.

அப்புறம் இரண்டு ஞாயிறு. அவ்வளவுதான். வேலை நாளில் தொடவில்லை.

இன்றோடு விட்டுவிட்டேன். வாண்டுமேல் சத்தியம். இனிமேல் சோடாதான், கல்லாக வந்தாலும் சரி. அவளிடம் சொல்லிவிடாதே. சொன்னால் வர மாட்டாள். ஜூன் பத்து என்ற ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் எனக்கு ஜூன் பதினொன்று என்று ஒரு நாளே கிடையாது. ஒரு வார்த்தைதான் அக்கா. நீ எனக்காக எவ்வளவோ அடி வாங்கியிருக்கிறாய்.

சின்னவன்

❖

மே 4

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார்.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். போன ஞாயிறு மஞ்சள் பாக்கெட், சோடாவில். வெளுத்த மேல் ஓடு. சுண்ணாம்பைக் கடித்தது போல ஒரு ருசி. நடுவில் ஈரம். பத்துக்கு மூன்று. சந்தோஷமா?

உடம்பு நன்றாக இருக்கிறது. மே கடைசிக்கு இன்னும் இருபத்தேழு நாள்.

உன் தம்பி,
சின்னவன்

❖

மே 19

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் நலம். நீயும் வாண்டுவும் சுகம்தானே? கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியதற்கு அவளுக்கு ஒரு பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன். இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கடையில் வேலை, உன் அண்ணனுக்கு முழங்கால், இப்படி ஒன்று மாற்றி ஒன்று.

நீ கேட்டதற்கு வருகிறேன். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவனுடைய கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பட்டறைக்கு ஒழுங்காகப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து பிரெட் சுடுகிறான். உங்கள் இரண்டு பேரையும் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. மனுஷன் என்றால் குறை இருக்கத்தான் செய்யும், நீயும் பக்கத்தில் இருந்தால் அவனுக்குத் தெம்பு வரும்.

வரலாம்.

உன் அன்புள்ள,
அண்ணி

❖

ஜூன் 16

என் அக்காவுக்கு,

வந்துவிட்டார்கள்! பத்தாம் தேதி காலையில் இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், பாடநோட்டு மூட்டை எல்லாம் சேர்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வீட்டில் எங்கே பார்த்தாலும் கலர் பென்சில். நேற்று ஒன்றின்மேல் கால் வைத்து வழுக்கி விழுந்தேன். டீச்சரம்மா சிரித்தாள் அக்கா, எனக்கு முதுகு வலியே தெரியவில்லை.

வாண்டு ஓவனுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடிகாரம் பார்க்கிறாள். ஐம்பது நிமிடம் ஆனதும் எனக்குச் சொல்வது அவள் உத்தியோகம். "அப்பா, டைம் முடிஞ்சிருச்சு!" என்று அவள் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

உன் ஒரு வார்த்தைதான் இதெல்லாம். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. அத்தானையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை வா. ஏன் எனக்கு எழுதுவதே இல்லை? கோபமா?

உன் தம்பி,
சின்னவன்

❖

ஆகஸ்ட் 7

அண்ணி அவர்களுக்கு,

ஜூலை முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பள்ளியில் பயிற்சி வகுப்பு. குழந்தையை அவரிடம் விட்டுப் போனேன். அவர் பிரெட்டை ஓவனில் வைத்துவிட்டு, கலந்தது போக மிச்ச பீரையும், அதற்கு மேல் இன்னொரு பாட்டிலையும் குடித்துத் தூங்கிவிட்டார். ஐம்பது நிமிடம் ஆனதும் குழந்தை அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கிறது, விளையாடுகிறாள் என்று நினைத்தாராம். கருகிவிடுமே என்று அவளே ஒரு துணியை நனைத்து, இரண்டு கையாலும் டின்னைப் பிடித்து வெளியே எடுத்திருக்கிறாள். ஈரத் துணியில் சூடு வேகமாக ஏறும் என்று ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? டின்னைக் கீழே போடவில்லை. மேடைமேல் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

நான் வந்தபோது கைகள் இரண்டையும் வாளித் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "சத்தம் போடாதீங்கம்மா, அப்பா தூங்குறார். பிரெட் நானே எடுத்துட்டேன், கருகவேயில்ல" என்றாள்.

இரண்டு உள்ளங்கையும், விரல்களின் உட்பக்கமும். மடங்குவதற்கு நாளாகும் என்கிறார் டாக்டர். வலது கையில் பழையபடி பென்சில் பிடிப்பாளா என்று இப்போது சொல்ல முடியாதாம். அவரை அவருடைய சிநேகிதர் மறுபடி குடி மீட்பு மையத்தில் சேர்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் மாட்டேன்.

துணிகளை எடுக்கப் போனபோது கருவிப் பெட்டியில் உங்கள் கடிதங்கள் இருந்தன. "முந்நூறு மில்லி எங்கே போனது?" என்று மார்ச் மாதமே கேட்டிருக்கிறீர்கள். அவர் செய்ததை நான் புரிந்துகொள்ள முடியும், அது அவர் நோய். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மே மாதம் எனக்கு "வரலாம்" என்று எழுதினீர்களே, அப்போது அவர் குடியை நிறுத்திவிட்டார் என்று நம்பித்தான் எழுதினீர்களா? ஆமாம் என்றால், நீங்களும் என்னைப் போல ஏமாந்தவர் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

❖

ஆகஸ்ட் 14

டீச்சரம்மாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

ஆமாம் என்று எழுதிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். உனக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கும் தப்பித்தது போல ஆகும். உனக்கு இன்னொரு பொய் எழுத முடியாது.

இல்லை. நம்பவில்லை.

சோடாவில் சுட்டேன் என்று மே மாதம் ஒரு கடிதம் போட்டான். அதில் ருசியைப் பற்றி எழுதியிருந்த மூன்று வரியும் என்னுடையவை. பிப்ரவரியில் நான் எழுதியதை ஓர் எழுத்து மாறாமல் பார்த்து எழுதியிருந்தான். மூன்று பாக்கெட்டிலும் சர்க்கரை அதிகம் மஞ்சளில்தான். சோடாவில் சுட்டாலும் அது பழுப்பாகத்தான் வரும், தித்திக்கும். அவன் அதைச் சோடாவில் சுடவேயில்லை. படித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு பதினைந்து நாள் பேசாமல் இருந்தேன், அப்புறம் உனக்கு அந்த வார்த்தையை எழுதினேன். நீ வராவிட்டால் அவன் செத்துப்போவான் என்று பயந்தேன். நீ வந்தால் எப்படியாவது சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடியது, வெந்தது குழந்தையின் கை. நீ என்னை நம்பிக் கேட்டாய். நான் உன்னையும் அவளையும் கொடுத்து அவனைக் காப்பாற்றப் பார்த்தேன். அவனும் குடியிலிருந்து மீளவில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்ற பாரத்தையும் நீதான் சுமக்க வேண்டிவரும்.

இதோடு மெல்லிய வலைத்துணிச் சுருள் பத்து அனுப்பியிருக்கிறேன். கட்டுப் போடும்போது ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் தனித்தனியாக ஒரு துண்டு வைக்கச் சொல். இல்லாவிட்டால் புண் ஆறும்போது விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். அனுப்பியது நான் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். டாக்டர் விரலை மடக்கி நீட்டச் சொல்லும்போது வலிக்கும். வலிக்கவில்லை என்றுதான் அவள் சொல்வாள். நம்பாதே.